முழங்கால் வரை ஏறிய சாக்ஸ்

என் ஓட்டத்துக்கென்று அப்பா வாங்கித் தந்தது ஒரே ஒரு பொருள்தான். வெள்ளை நைலானில், முழங்கால் வரை ஏறுகிற ஒரு ஜோடி சாக்ஸ். அதைப் போட்டுக்கொண்டு ஓடியதோடு என் ஓட்டம் முடிந்தது.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஆனால் எழுத எழுத அது குறையாகத்தான் வரும் என்று தெரியும். வரட்டும்.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்த சைவக் குடும்பம். அப்பா தலையெடுத்தபோது வயலெல்லாம் கைமாறியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். தெருவில் நடக்கும்போது மட்டும் இன்னும் வயல் இருக்கிற ஆள்போல நடப்பார். நான் ஒரே பிள்ளை. தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் படித்தேன். காலையில் பாசஞ்சர் ரயிலில் போய், சாயங்காலம் ரயிலில் திரும்புவேன்.

முதல் ஆண்டு விளையாட்டு விழாவில் எங்கள் துறைக்கு ஆள் போதவில்லை என்று என்னைப் பிடித்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நிறுத்தினார்கள். வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்தவள் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள். ஓடி முடித்து நான் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, நாளை சாயங்காலம் மைதானத்துக்கு வருவாயா என்று கேட்டாள். தனியாக ஓடி அலுத்துவிட்டதாம். போனேன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினோம். பெரும்பாலும் அவள் முன்னால், நான் அரைச் சுற்றுக்கும் குறைவான தூரத்தில் பின்னால். சில நாள் நான் முன்னால்.

மூவாயிரம் மீட்டர், ஐயாயிரம் என்று தூரம் கூடியபோது கல்லூரியில் ஆளுக்கொரு ஜோடி கான்வாஸ் ஷூ கொடுத்தார்கள். அன்றுதான் கொப்புளம் என்றால் என்னவென்று தெரிந்தது. வெறுங்காலில் ஓடியவரைக்கும் முள் குத்தியிருக்கிறது, கல் கிழித்திருக்கிறது, கொப்புளம் வந்ததில்லை. ஷூ போட்ட முதல் வாரத்திலேயே இரண்டு குதிகாலிலும், கட்டைவிரல் பக்கவாட்டிலும், பாதத்தின் முன்மேட்டிலும் நீர் கோத்துக்கொண்டது. ரயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தூக்கியே வைத்துக்கொண்டு வருவேன். வீட்டில் அம்மா மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு, அப்பா காதில் விழாமல் திட்டுவாள்.

கொப்புளத்தோடு ஓடி ஓடித்தான் அதன் குணத்தைக் கற்றுக்கொண்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. உடற்கல்வி டீச்சருக்குக் கைப்பந்துதான் தெரியும். வியர்வை, சூடு, உராய்வு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கொப்புளம் வரும், மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது எங்கள் கணக்கு. சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் விரல் நுனியில் இருக்கும் தையல் முடிச்சு தோலில் உரசாது. கொப்புளம் வரப்போகிற இடம் முதலில் இதமாகச் சுடும். அந்தச் சூடு தெரிந்ததுமே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும், வந்த பிறகு ஒட்டிப் பிரயோஜனமில்லை. ஷூவின் கடைசித் துளை வரைக்கும் கயிற்றை ஏற்றி இறுக்கினால் குதிகால் ஆடாது. காய்ந்த சோப்புக் கட்டியை சாக்ஸின் குதிகாலில் உள்ளே தேய்த்துக்கொள்வாள் அவள். எனக்குத் தேங்காய் எண்ணெய்தான் ஒத்துக்கொண்டது, அதுவும் ஒரு சொட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, புது சாக்ஸைப் போட்டுக்கொண்டு தூரம் ஓடவே கூடாது. நாலைந்து தடவை துவைத்து, வீட்டில் போட்டு நடந்து, பிறகு குறைந்த தூரம் ஓடி, அது நம் காலைப் பழகிய பிறகுதான் போட்டிக்குப் போட வேண்டும்.

சாக்ஸ் வாங்குவதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடையில் யாரும் பார்க்காத நேரத்தில் விரலை நாக்கில் தொட்டு சாக்ஸின் மேல் ஒரு துளி வைப்பேன். உடனே உறிஞ்சிவிட்டால் பருத்தி. துளி அப்படியே உருண்டு நின்றால் நைலான். நைலான் வியர்வையைக் குடிக்காது. கால் உள்ளே நனைந்து வழுக்கும், வழுக்கினால் உரசும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் இப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறப் பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்திருந்தேன். பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற சாக்ஸ்தான். கணுக்காலுக்கு மேலே நாலு விரல்கடை வரும். துவைத்துத் துவைத்து நிறம் போய், குதிகாலில் முடிச்சில்லாமல் நானே இழையோட்டித் தைத்தது. அதைப் போட்டு ஓடிய ஒன்றரை ஆண்டில் பெரிய கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை.

அப்பாவுக்கு நான் ஓடுவது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். கல்லூரிக்குள்ளே, பெண்களுக்கு நடுவே, சுடிதாரிலோ முழுக்கால் பேன்ட்டிலோ ஓடுகிறவரைக்கும் அவருக்கு அது பாடத்தில் ஒரு பகுதி. விடுமுறையில் நான் கால்வாய்க் கரையில் விடிந்தும் விடியாமல் ஓடிவிட்டு வந்தால் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். கோப்பைகள் வாங்கிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான். அம்மா அவற்றை அரிசி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

மூன்றாம் ஆண்டு பரீட்சை நெருங்கிய சமயத்தில் அந்த அறிவிப்பு வந்தது. ஓர் அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நீண்டதூர ஓட்டத்துக்கு இரண்டு பெண்களை எடுக்கப்போகிறார்கள். பத்தாயிரம் மீட்டர், பாளையங்கோட்டையிலேயே தேர்வு. டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, நம் மாவட்டத்தில் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வேலை என்றதும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வேலை கிடைத்தால் ஓடிக்கொண்டே இருக்கலாம். அவ்வளவுதான் அன்று என் ஆசை.

விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள் வைத்திருந்தார். ஓடும்போது அரைக்கால் டவுசர்தான் போட வேண்டுமா என்று அம்மா மூலமாகக் கேட்டார். ஆமாம், நம்பர் குத்திய பனியனும் டவுசரும்தான் என்று சொன்னேன். அந்த வெயிலில் பேன்ட்டோடு இருபத்தைந்து சுற்று ஓட முடியாது என்றும் சொன்னேன். நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேராகவே பேசினார்.

"கையெழுத்துப் போடுதேன். நானும் கூட வருவேன். ஆனா ஆம்பளையாளுவ அத்தன பேரு இருக்கப்பட்ட எடத்துல வெறுங்காலக் காட்டிட்டு ஓடப்படாது. முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போடணும். சம்மதம்னா போ."

சம்மதம் என்றேன். அவர் கூட வருகிறேன் என்று சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. சாக்ஸ் பற்றி அந்த நிமிஷம் நினைக்கக்கூட இல்லை. அம்மா எனக்கு இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள். வீட்டில் அன்று எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

தேர்வுக்கு முந்தின நாள் அப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு திருநெல்வேலிக்கு வந்தார். நெல்லையப்பர் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு, ரதவீதியில் பள்ளிக்கூட உடுப்புகள் விற்கிற ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரரிடம், "அண்ணாச்சி, முழங்கால் மூடுத மாரி சாக்ஸ் இருந்தா காட்டும்" என்றார். கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். இரண்டும் நைலான். ஒன்று மெல்லிசு, கால் நிறம் தெரியும். மற்றது கெட்டி. அப்பா கெட்டியானதைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டு விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் தெரியவில்லை. அவருக்குத் திருப்தி.

நான் வழக்கம்போல ஒரு துளி வைத்துப் பார்த்தேன். துளி அப்படியே நின்றது.

"ப்பா, இது வேண்டாம். நைலான். வேர்வை இழுக்காது. கொப்புளம் போட்டுரும். அதுவும் புதுசு. நாளைக்குத்தான் ஓட்டம்."

"சவம், சாக்ஸ்ல என்னட்டி இருக்கு. ஓடுதது காலு. சாக்ஸா ஓடப்போவுது?" என்றார். கடைக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் வெளியில் வைத்து என்னோடு சிரித்துப் பேசுவது அபூர்வம். பருத்தியில் நீளமானது கிடைக்குமா என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டேன். அதெல்லாம் யார் கேட்கிறார்கள், வரவழைத்தால்தான் உண்டு என்றார்.

அன்று சாயங்காலமே வீட்டில் அதைச் சுடுநீரில் இரண்டு முறை அலசினேன். நைலான் சீக்கிரம் காய்ந்துவிட்டது. அதில் மட்டும் அது நல்ல சாக்ஸ். போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் வழுக்கியது. பழைய சாம்பல் சாக்ஸையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளே அதைப் போட்டு, மேலே இதை இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை.

காலையில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் உடைமாற்றும் அறையில் முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன். இரண்டு சாக்ஸோடு கால் ஷூவுக்குள் போகவில்லை. அழுத்தித் திணித்தால் விரல்கள் மடங்கின. பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன். என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பருத்தி சாக்ஸின் குதிகாலில் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். "இதப் போட்டுட்டா ஓடப் போறே?" என்று கேட்டாள். அப்பா பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். உடனே தன் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து என் இரண்டு குதிகாலிலும் முன்மேட்டிலும் அவளே ஒட்டிவிட்டாள்.

இன்று யாராவது என்னைப் பார்த்து, அந்தப் பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டியதுதானே, உன் அப்பா தடத்துக்குள் இறங்கி வந்து உன்னைப் பிடித்திருப்பாரா என்று கேட்கலாம். பிடித்திருக்க மாட்டார் என்றே இப்போது நினைக்கிறேன். அன்று நிச்சயம் பிடிப்பார் என்று நம்பினேன். பத்தொன்பது வயது முழுக்க அவர் சொல் கேட்டே பழகிய கால்.

ஏழு மணிக்கு என்றார்கள். அதிகாரிகள் வந்து சேர ஒன்பதாகிவிட்டது. பங்குனி வெயில், மண் தடம். பதினொரு பேர் நின்றோம். முழங்கால் வரைக்கும் வெள்ளையாக நின்றது நான் ஒருத்திதான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் என் காலைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.

முதல் ஐந்து சுற்று நன்றாகவே போயிற்று. என் தோழி இரண்டாவது, நான் அவள் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது. ஆறாவது சுற்றில் இடது முன்மேட்டில் சூடு தெரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சூடு. நிற்க முடியாது. பிளாஸ்திரி வியர்வையில் நகர்ந்து விரல் இடுக்கில் சுருண்டுகொண்டிருப்பதும் தெரிந்தது. ஒன்பதாவது சுற்றில் வலது குதிகால். பாதத்தை வெளிப்பக்கமாக வைத்து ஓடிப்பார்த்தேன். கெண்டைக்கால் இழுத்தது. பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ இடது காலில் ஒன்று உடைந்தது. உடைந்ததும் ஒரு கணம் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு அடிக்கும் பச்சைத் தோலில் உப்பைத் தேய்க்கிற மாதிரி.

மேடைக்கு முன்னால் போகும்போதெல்லாம் அப்பா தெரிந்தார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை, கூப்பிடவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நொண்டுவது தெரிந்துவிட்டது, அதனால்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பதினாறாவது சுற்றில் மதுரைப் பெண் என்னைத் தாண்டினாள். இருபதில் இன்னொருத்தி. கடைசியில் ஐந்தாவதாக வந்தேன். என் தோழி இரண்டாவது. கோட்டைத் தாண்டியதும் அவள் திரும்பி என்னைத் தேடினாள். நான் வந்து சேர்ந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது அவள் சந்தோஷத்துக்கா எனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. உதறவில்லை.

மேடைப் படியில் உட்கார்ந்தேன். அப்பா இறங்கி வந்தார். சோடா ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு சொன்னார்:

"சாக்ஸ் கடைசி வரைக்கும் கொஞ்சங்கூட எறங்கல. நல்ல சாக்ஸ்தான்."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். இருபத்தைந்து சுற்றும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அப்போது புரிந்தது. நொண்டியதைப் பார்க்கவே இல்லை. எத்தனையாவதாக வந்தேன் என்பதைக்கூட டீச்சரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அறைக்குள் போய் சாக்ஸைக் கழற்றினேன். மேல்பாகம் வெள்ளை குலையாமல் இருந்தது. பாதப் பகுதி தோலோடு ஒட்டிக்கொண்டு கழல மறுத்தது. தண்ணீர் ஊற்றி, பைய உரித்தெடுத்தாள் என் தோழி. தோலும் கூடவே வந்தது. அவள் கொஞ்ச நேரம் சாக்ஸைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏ பிள்ள, கத்திரிக்கோலு வச்சு பாதத்த மட்டும் வெட்டிட்டு, மேல்பாகத்த மாட்டிருந்தா ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா? அடியில பழசப் போட்டிருக்கலாமே."

அவ்வளவுதான். ஒரு கத்திரிக்கோல். முந்தின நாள் சாயங்காலம் முழுக்கச் சுடுநீரில் அலசிக்கொண்டும் வீட்டுக்குள் நடந்துகொண்டும் இருந்தேன், அம்மாவின் தையல் பெட்டி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஏன் தோன்றவில்லை? அப்பா வாங்கித் தந்ததை வெட்டலாம் என்று தோன்றுகிற பிள்ளையாக நான் வளரவில்லை. அவளுக்கு உடனே தோன்றியது. ஆனால் அவளுக்கும் ஓடி முடித்த பிறகுதான் தோன்றியதா, முன்னாலேயே தோன்றியதா? அப்படி ஒரு கேள்வியையும் அன்று முதல் வைத்துக்கொண்டேன். பிளாஸ்திரி ஒட்டிவிட்டவளை அப்படி நினைக்கிற அளவுக்குக் கெட்டுப்போனேன். அவளுக்கு வேலை கிடைத்தது. சென்னையில் போட்டார்கள். இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டாவதுக்கு நான் பதில் போடவில்லை.

அந்தப் பழைய சாம்பல் சாக்ஸோடு ஓடியிருந்தாலும் மூன்றாவதாகத்தான் வந்திருப்பேனோ என்னவோ. மதுரைப் பெண் வேகமானவள். ஆனால் அது எனக்குத் தெரியாமலேயே போய்விட்டது. அந்த சாக்ஸோடு தோற்றிருந்தால் அது நானே தோற்றதாக இருந்திருக்கும்.

அப்பா அதன்பிறகு மாறிப்போனார். நல்லவிதமாக. சொந்தக்காரர்கள் வந்தால், பெண் பிள்ளை என்று நான் எதையும் தடுக்கவில்லை, கூடவே போனேன், சாக்ஸ் முதல் வாங்கிக் கொடுத்தேன், அவளுக்கு அமையவில்லை என்று சொல்வார். வந்தவர்கள் அவரைப் பாராட்டுவார்கள். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவேன். கால் ஆற ஒரு மாதமாயிற்று. அதற்குள் பரீட்சை வந்தது. பிறகு பி.எட்., பிறகு கல்யாணம். கால்வாய்க் கரைக்கு நான் மறுபடி போகவே இல்லை. யாரும் போகக்கூடாது என்று சொல்லவும் இல்லை.

கல்யாணத்துக்கு மறுவருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அப்பா என் வீட்டுக்காரரிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாக்ஸ் வாங்கின இடம் வந்ததும் நான் நிறுத்தினேன். குரலை உயர்த்தவில்லை. நைலான் என்பதால்தான் கொப்புளம் போட்டது, அதனால்தான் தோற்றேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு நிஜமாகவே திகைப்பு.

"அப்படியா? ஏட்டி, அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா? வேற வாங்கிருப்போமே."

"சொன்னேன் ப்பா. கடையில வச்சே சொன்னேன்."

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். அவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். கடையும் ஞாபகம் இருந்தது, கடைக்காரர் ஞாபகம் இருந்தது, கோவிலில் அர்ச்சனை செய்தது ஞாபகம் இருந்தது. நான் சொன்னது மட்டும் இல்லை. "நீ சொன்ன மாரி எனக்குத் தோணல" என்றார். பிறகு, மத்தியான ரயிலுக்குப் போகிறீர்களா, சாயங்கால ரயிலுக்கா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

மத்தியான ரயிலுக்கே என்று நான் சொன்னேன். போய் மூட்டை கட்டினேன்.